கடல் திரும்பி வந்த சனிக்கிழமை

கண் விழித்தபோது கடல் வந்திருந்தது.

நான் கண்ணை மூடிய நேரத்தில் அங்கே கடல் கிடையாது. பார்வை போகும் தூரம்வரை ஈர மணல்தான் இருந்தது. நாயைக் கூட்டிக்கொண்டு சிலர் அதன் மேல் நடந்தார்கள். தூரத்தில் சின்னச் சின்னத் தீவுகள் மூன்று, திட்டுத் திட்டாகத் தெரிந்தன. அந்த மணல் வழியாகத்தான் என் கணவர் குணசேகரன், கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருகிறேன், நீ தூங்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது மணல் இருந்த இடமெல்லாம் பழுப்புத் தண்ணீர். அலையும் இல்லை, இரைச்சலும் இல்லை. நம்மூர்க் கடல் சத்தம் போட்டுக்கொண்டுதான் வரும். இது நான் தூங்குகிற நேரம் பார்த்து, யாருக்கும் தெரியாமல் வந்து நிரம்பியிருந்தது.

பெஞ்சில் என் பக்கத்தில் அவருடைய ஷூ இரண்டும் இருந்தன. சாக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்திருந்தார். அவருடைய போன் என் பையில் கிடந்தது. பர்ஸும் அங்கேதான். டப்பாவில் அவருக்கென்று வைத்த எலுமிச்சை சாதம் கைபடாமல் இருந்தது.

எழுந்து நின்று கரையின் இரண்டு பக்கமும் பார்த்தேன். நடைபாதையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் அவர் இல்லை.

அந்த நிமிடத்தில் நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்று புரிய வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் ஆஸ்பத்திரி வேலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, திருநள்ளாற்றிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "வேலையப் பத்தியே எழுதுறீங்களே, லீவு நாள்ல ரெண்டு பேரும் என்னதான் செஞ்சீங்க?" அந்தக் கேள்விக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

பிரான்சுக்கா?

எனக்கு லிவர்பூலில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது, எங்கள் ஊரான கோட்டுச்சேரியில் பாதிப் பேர் கேட்ட முதல் கேள்வி, "பிரான்சுக்கா போறீங்க?" என்பதுதான்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. காரைக்கால்காரர்களுக்கு வெளிநாடு என்றால் ஒன்று பிரான்ஸ், இல்லாவிட்டால் வளைகுடா. எங்கள் தெருவிலேயே ஒரு 'சொல்தா வீடு' உண்டு. அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பாரிஸ் பக்கம். நான் இங்கிலாந்து என்று சொன்னதும் அந்த வீட்டு அம்மா முகத்தைச் சுளித்து, அங்கே ரொட்டிகூட நன்றாக இருக்காதே என்றார். போன பிறகு அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது.

குணசேகரனுக்குக் கோட்டுச்சேரி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மோட்டார் வைண்டிங் கடை. போர்செட் மோட்டார் எரிந்துபோனால் சுற்று வட்டாரத்தில் எல்லாரும் அங்கேதான் கொண்டு வருவார்கள். நடவு நேரத்தில் கடையில் நிற்க இடம் இருக்காது. மோட்டார் தயாராகும் வரை உட்கார்ந்து பேசுவார்கள். மோட்டார் இல்லாதவர்களும் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். கையில் செம்புக் கம்பி ஓடிக்கொண்டே இருக்கும், வாயும் ஓடிக்கொண்டே இருக்கும். கல்யாணத்துக்கு முன்பு நான் கல்லூரி பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தக் கடையிலிருந்து வரும் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தார். நான் கட்டாயப்படுத்தவில்லை. "நீ படிச்ச படிப்புக்கு நீ போவணும். நான் கூட வர்றேன். கை வேல தெரிஞ்சவனுக்கு எந்த ஊர்ல சோறு இல்ல?" என்றார்.

சோறு இருந்தது. கை வேலைதான் கிடைக்கவில்லை. அங்கே மோட்டார் பழுதானால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குகிறார்கள். ஒரு பெரிய கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைக்குப் போனார். சில மாதங்களில் இடுப்பு பிடித்துக்கொண்டது. வேலையை விட்டார். அதற்குப் பிறகு, ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி, எதிரே ஈரமான செங்கல் சுவர், அவ்வளவுதான் அவருக்கு லிவர்பூல்.

சனிக்கிழமை வைத்தியம்

ஊர் சுற்றுவதை நாங்கள் ஆசைக்காகத்தான் ஆரம்பித்தோம். வந்த புதிதில் எதைப் பார்த்தாலும் அதிசயம். நாள் முழுக்கச் செல்லும் பஸ் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுவோம். மாடியில் முன் சீட்டு காலியாக இருந்தால் அவருக்குக் குழந்தை மாதிரி சந்தோஷம்.

அந்த ஊரில் ஒரே தெருவின் இரண்டு முனையிலும் இரண்டு பெரிய தேவாலயங்கள் இருக்கின்றன. ஒன்று சிவப்புக் கல்லில் மலை மாதிரி நிற்கும். இன்னொன்று கவிழ்த்து வைத்த புனல் மாதிரி இருக்கும். இரண்டுக்குள்ளும் போய், குளிர் தாங்காமல் மெழுகுவத்திக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறோம். துறைமுகத்து மியூசியங்களுக்குக் காசு கிடையாது. மழை பெய்த சனிக்கிழமைகளில் பாதி அங்கேதான் கழிந்தன. ஆற்றில் படகில் அக்கரைக்குப் போவோம். படகிலிருந்து பார்த்தால் நகரம் அழகாக இருக்கும். அரசலாறு மாதிரி பத்து ஆறுகளை ஒன்றாகச் சேர்த்தாலும் அந்த அகலம் வராது.

வடக்கே ஒரு கடற்கரையில் இரும்பில் ஆள் உயரச் சிலைகளை மணல் முழுக்க நட்டு வைத்திருக்கிறார்கள். எல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது அவர் ஒன்றின் தோளில் கை போட்டுக்கொண்டு, "இவனும் விசாவுக்குத்தான் நிக்கிறான் போல" என்றார். நான் சிரித்த சிரிப்பில் அங்கே நடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வேலையை விட்ட பிறகு ஒருநாள் அதே கடற்கரைக்குப் போனோம். சிலைகளுக்கு நடுவில் அவரும் ஒரு சிலையாகக் கடலைப் பார்த்து நின்றார். போகலாம் என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதிலிருந்து சனிக்கிழமை எனக்கு வைத்தியம் மாதிரி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை இரவு டியூட்டி முடிந்து வந்து, குளித்து, ஏதாவது சாதத்தைக் கிளறி டப்பாவில் போட்டு, அவரைக் கிளப்புவேன். சட்டையை மாற்ற வைப்பதே பெரிய பாடு. எங்கே போகலாம் என்று கேட்டால், உன் இஷ்டம் என்பார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், நடக்கச் சொன்னால் நடப்பார். ஊரிலிருந்து அவர் அம்மா போன் செய்தால் மட்டும் குரலை மாற்றிக்கொண்டு, நல்லா இருக்கோம் என்று சொல்வார். போனை வைத்ததும் அந்தக் குரலும் போய்விடும். ராத்திரி எப்போது புரண்டு படுத்தாலும் அவர் விழித்திருப்பது தெரியும்.

வார்டில் இதே மாதிரி ஒரு நோயாளி இருந்தால் அது என்ன என்று எனக்கு உடனே தெரிந்திருக்கும். வீட்டில் அதற்கு இடுப்பு வலி என்று பெயர் வைத்திருந்தோம்.

உள்ளே போன கடல்

அந்தத் தீவுக் கடற்கரை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. ஆற்றுக்கு அடியில் சுரங்கம் வழியாக ரயில் போகும். கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் கடல். எதிரே வேல்ஸ் தேசத்து மலைகள் தெரியும்.

முதல் தடவை நாங்கள் அங்கே போனது ஒரு குளிர்கால முடிவில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் வற்றிப்போயிருந்தது. வற்றியது என்றால் நம் ஊரில் சொல்கிற மாதிரி பத்தடி இருபதடி இல்லை. மைல் கணக்கில் உள்ளே போய்விட்டது. ஜனங்கள் சர்வசாதாரணமாக அந்த மணலில் இறங்கித் தீவை நோக்கி நடந்தார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் கரையிலேயே நின்றுவிட்டோம்.

சுனாமி வந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் கடலோரத்து ஜனங்களைத் தங்க வைத்திருந்தார்கள். என்னோடு படித்த கருக்களாச்சேரிப் பெண் ஒருத்தி, எங்கள் வகுப்பறையிலேயே தன் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஒன்று மட்டும் மனசில் பதிந்துபோனது. கடல் உள்ளே போனால் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும்.

குணசேகரன் அன்றைக்கு அந்த வெறும் மணலைப் பார்த்துக்கொண்டே, "கடல் உள்ள போனா ஓடணும்னுதான் நமக்குத் தெரியும். இவங்க பின்னாலேயே போறாங்க" என்றார். அந்த மாதத்தில் அவராகப் பேசிய நீளமான பேச்சு அது. மணலில் இறங்காமலே வீடு திரும்பினோம்.

பிறகு கோடை வந்தது. ஒரு சனிக்கிழமை காலை நான் டியூட்டி முடிந்து வந்தபோது அவர் குளித்து, நீலச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். நான் கேட்காமலே, "அந்தத் தீவு இருக்குற எடத்துக்குப் போவோமா?" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவராக ஓர் இடத்தைச் சொல்லி எத்தனை மாதம் ஆகிறது. தூக்கத்தை ரயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். ரயிலில் தூக்கம் வரவில்லை. கடற்கரைப் பெஞ்சில் வெயில் பட்டதும் கண் செருகிவிட்டது. அவர் ஷூவைக் கழற்றியது, போனையும் பர்ஸையும் என் பையில் போட்டது, பேன்ட்டை மடித்துவிட்டது எல்லாம் அரைத் தூக்கத்தில் தெரிந்தது. என் தலைக்கு அவருடைய ஸ்வெட்டரை மடித்து வைத்தார்.

கண் விழித்தபோது கடல் வந்திருந்தது. இப்போது உங்களுக்குப் புரியும். மாதக் கணக்கில் வாய் திறக்காத மனுஷன், அவராகவே இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். தன்னுடையதை எல்லாம் என்னிடம் விட்டுவிட்டு, என்னைத் தூங்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஒரு கேள்வி

முதலில் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ஊரில் ஒருநாளும் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தக் கரையில் நின்று, குணா, குணா என்று கத்தினேன். தண்ணீர் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா கிடந்தது.

ஒரு வயதான அம்மா கிட்டே வந்தார். கையில் கயிற்றில் ஒரு பழுப்பு நாய். அந்த அம்மாவின் பெயர் ஜோன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. மணல், கணவர் என்ற இரண்டு வார்த்தை அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது. தன் போனிலிருந்து அவசர எண்ணைக் கூப்பிட்டு, என் கையில் கொடுக்காமல் தானே எல்லாம் சொன்னார். இன்னொரு கை என் முழங்கையைப் பிடித்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் கடலோரக் காவல் ஆட்கள் இரண்டு பேர் வண்டியில் வந்தார்கள். ஒருவர் சின்ன வயசு. என்னை உட்கார வைத்து, மண்டியிட்டு என் முகத்துக்கு நேராக இருந்து கேட்டார். என்ன உயரம், என்ன சட்டை, நீச்சல் தெரியுமா. தெரியும் என்றேன். வாய்க்காலில் கற்றுக்கொண்ட நீச்சல்.

பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். சமீபத்தில் அவர் மனம் சோர்ந்திருந்தாரா, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்வார் என்று நினைக்க உங்களுக்குக் காரணம் உண்டா.

இதே கேள்வியை, இதே மாதிரி குரலைத் தாழ்த்தி, நான் வார்டில் எத்தனையோ குடும்பங்களிடம் கேட்டிருக்கிறேன். பதில் சொல்கிறவர்கள் ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று யோசித்ததில்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டால், அதுவரை இடுப்பு வலி என்று சொல்லி வந்ததெல்லாம் உடைந்துவிடும்.

"ஆமாம்" என்றேன். அந்தப் பையனுக்குப் புரியாத தமிழில்தான் முதலில் வந்தது. பிறகு இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் எழுந்து வயர்லெஸ்ஸில் பேசினார். பேச்சின் வேகம் மாறியது எனக்குத் தெரிந்தது. நர்ஸுக்கு அந்த வேகம் தெரியாமல் இருக்காது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன ரப்பர் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தீவுப் பக்கம் போனது.

எல்லாம் சரியாகிவிடும் என்று ஜோன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். நாய் என் பாதத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. குணசேகரனின் ஷூவை நான் மடியில் வைத்திருந்தேன். காரைக்கால் அம்மையாரிலிருந்து திருநள்ளாற்றுச் சனீஸ்வரர் வரை யாரையும் விடாமல் வேண்டினேன். வேளாங்கண்ணி மாதாவையும் நாகூர் ஆண்டவரையும்கூடக் கூப்பிட்டேன்.

வயர்லெஸ் கரகரத்தது. அந்தப் பையன் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் தோள் இறங்குவதைப் பார்த்தேன்.

தீவில் ஐந்து பேர் இருக்கிறார்கள். நான்கு பேர் பறவை பார்க்க வந்தவர்கள். ஐந்தாவது ஆள் நீலச் சட்டை, காலில் ஷூ இல்லை. எல்லாரும் பத்திரம்.

படகில் போனவர்கள், தீவில் இருந்த ஒருவரின் போனை அவரிடம் வாங்கிக் கொடுத்தார்கள். என் பையில் போன் அடித்தது. தெரியாத எண்.

"மலரு" என்றார். "தண்ணி சுத்தி வந்துடுச்சு. நான் தீவுலதான் இருக்கேன். நீ பயந்துட்டியா?"

எவ்வளவோ கேட்டிருக்கலாம். என் வாயில் வந்தது, "சாப்டீங்களா?" என்பதுதான்.

"பிஸ்கட் குடுத்தாங்க. டீயும் குடுத்தாங்க. சர்க்கர இல்ல."

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஜோனும் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வயதில் தரையில் உட்காருவது அவருக்குச் சுலபமாக இருக்கவில்லை.

மணல் திரும்ப வரும்வரை

ஆபத்து இல்லை என்றால் ஆட்களைப் படகில் ஏற்றி வருவதில்லையாம். கடல் மறுபடியும் இறங்கும்வரை அவர்கள் அங்கேயே இருக்க வேண்டும், நாங்கள் இங்கே இருக்க வேண்டும். அந்தக் கோடை மாதத்தில் அந்த ஊரில் இருட்டுவதற்கு ரொம்ப நேரம் ஆகும். அதனால் பிரச்சினை இல்லை என்று அந்தப் பையன் சொல்லிவிட்டுப் போனார்.

ஜோன் நாயை ஒரு சுற்றுக் கூட்டிப் போக வந்தவர். மதியம் முழுக்க என்னோடு உட்கார்ந்திருந்தார். பேப்பரில் சுற்றிய மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் வாங்கி வந்தார். நான் எலுமிச்சை சாதத்தில் பாதியைக் கொடுத்தேன். கறிவேப்பிலையை எடுத்துப் பார்த்து, இதைத் தின்ன வேண்டுமா என்று கேட்டார். ஒதுக்கி வைத்துவிடலாம் என்றேன். எதற்குப் போடுகிறீர்கள் என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

வந்ததும் அவரை என்னென்ன திட்ட வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

தண்ணீர் இறங்கியது. முதலில் ஒரு மணல் முதுகு தெரிந்தது, பிறகு பலது. வெயில் சாய்ந்து மணல் முழுக்கச் செம்பாக மின்னியபோது, தீவுப் பக்கத்திலிருந்து ஐந்து உருவம் புறப்பட்டு வந்தது. கிட்டே வர வர, நடுவில் வருவது அவர்தான் என்று தெரிந்தது. பக்கத்தில் நரைத்த தாடிக்காரர் ஒருவர், கழுத்தில் பைனாகுலரோடு. குணசேகரன் அவருக்கு எதையோ விளக்கிக்கொண்டு வந்தார். இரண்டு கையும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. எதையோ சுற்றிக் காட்டுகிறார், இழுத்துக் காட்டுகிறார். மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் கட்டுவதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது. அவருடைய இங்கிலீஷில் அதை எப்படிச் சொன்னார், அந்தத் தாடிக்காரருக்கு என்ன புரிந்தது, இன்றுவரை தெரியாது.

அடுக்கி வைத்த திட்டெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஜோன் அவர் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் காலில் சேறு காய்ந்திருந்தது. மிச்ச சாதத்தைச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, வார்டில் கேட்கிற மாதிரியே நேராகக் கேட்டேன்.

"நான் ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. செத்துடணும்னு நெனைச்சா இங்க வந்தீங்க?"

டப்பாவை மூடினார்.

"இன்னைக்கு இல்ல" என்றார்.

டப்பாவை என் பைக்குள் வைத்தார்.

"பனிக்காலத்துல நெனைச்சிருக்கேன். ஒன்கிட்ட சொல்லல. நீ ராவும் பகலும் ஒழைச்சுட்டு வர்ற, எப்புடிச் சொல்றது? இன்னைக்கு அதுக்கு வரல மலரு. அங்க கடல் நாய்ங்க வந்து படுத்திருக்கும்னு நம்ம தெரு மளிகைக் கடைக்காரரு சொன்னாரு. பாக்கணும்போல இருந்துச்சு. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஏதாவது பாக்கணும்னு தோணுனதே அப்பத்தான்."

தீவு வரை போய், பாறை மேல் உட்கார்ந்து, சீல் என்று இங்கிலீஷில் சொல்கிற அந்தக் கடல் நாய்களைப் பார்த்திருக்கிறார். தண்ணீருக்கு மேல் தலையைத் தூக்கி அவையும் இவரைப் பார்த்திருக்கின்றன. நேரம் போனது தெரியவில்லை. கரையில் எச்சரிக்கைப் பலகை ஒன்று இருக்கிறது, அதைப் படித்துத்தான் போயிருக்கிறார். அங்கே கடல் எவ்வளவு வேகமாக வரும் என்பதுதான் நம்மூர்க்காரருக்குத் தெரியவில்லை. திரும்ப இறங்கினால் நடுவில் தண்ணீர். இறங்கிப் பார்த்தார், முழங்காலுக்கு வந்தது. இன்னும் இரண்டு எட்டு வைத்தார், இடுப்புக்கு வந்தது. காலுக்கடியில் மணல் இழுத்தது.

"பயந்துட்டேன்" என்றார். "உசுருக்குப் பயந்து, விழுந்தடிச்சுத் திரும்பி ஓடுனேன் பாரு. பாறையில கால் கிழிஞ்சது கூடத் தெரியல. மேல ஏறி மூச்சு வாங்குறப்ப எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சாவணும்னு நெனைச்ச பய எதுக்குடா இந்த ஓட்டம் ஓடுற? எனக்கு நானே கேட்டேன். பொழைக்கத்தானே ஓடுனேன். அப்ப எனக்குள்ள இன்னும் அது இருக்கு. அத்து போவல."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். ரொம்ப நாளாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"டாக்டர்கிட்ட போவலாமா?" என்று கேட்டேன்.

"போவலாம். நீயும் கூட வா" என்றார்.

அதற்குப் பிறகு

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மருந்து இருந்தது, வாரம் ஒருமுறை டாக்டரோடு பேச்சு இருந்தது. மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவைப் போனில் சேர்த்துவிட்டார்கள். அவர் முதல் நாள், "கதையுங்கோ" என்றார். இவர் கதை சொல்லச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு முழித்தார். பேசச் சொல்கிறார்கள் என்று நான் பக்கத்திலிருந்து சொன்னேன். அந்த அம்மா சிரிக்க, இவர் சிரிக்க, டாக்டர் என்னவென்று தெரியாமலே சிரித்தார். பிறகு இவர் பேசிய பேச்சுக்கு அந்த அம்மாதான் மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

நடுவில் சில மோசமான வாரங்களும் வந்தன. ஆனால் அவை வந்தபோது அவர் வாயால் சொன்னார். "இன்னைக்குச் சரியில்ல மலரு" என்பார். அது போதும், என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். பழைய சாமான்களைப் பழுது பார்த்துக் கொடுக்கும் ஒரு பட்டறையில் பிறகு வேலையும் கிடைத்தது. தாடிக்காரர்தான் கூட்டிப்போய் விட்டார்.

சனிக்கிழமைகள் நிற்கவில்லை. வேல்ஸ் மலை வரை போனோம். ஜோன் வீட்டில் டீ குடித்தோம். அந்தத் தீவுக்கு நானும் ஒருமுறை நடந்து போய் வந்தேன், பலகையை மூன்று தரம் படித்துவிட்டு. சில வருடங்கள் கழித்து, இருந்தது போதும் என்று இரண்டு பேருக்கும் ஒன்றாகத் தோன்றியபோது ஊர் திரும்பினோம். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அதே இடம் கிடைக்கவில்லை. இரண்டு கடை தள்ளி மோட்டார் வைண்டிங் கடை மறுபடியும் நடக்கிறது.

இதை எழுதி முடித்து அவரிடம்தான் முதலில் கொடுத்தேன். அவர் சம்மதிக்காமல் பத்திரிகைக்கு அனுப்புவதில்லை என்று முன்பே சொல்லியிருந்தேன். காலையில் கடைக்குப் போகும் அவசரத்திலும் உட்கார்ந்து முழுசாகப் படித்தார். பெயரை மாற்றிவிடட்டுமா, ஊரைச் சொல்லாமல் விடட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? என் பேரையே போடு" என்றார். "கடைக்கு வர்றதுல ரெண்டு பேரு அந்த மாதிரி இருக்காங்க. மொகத்தப் பாத்தாலே எனக்குத் தெரியுது. நானா எப்புடிக் கேக்குறது? இத படிச்சா அவங்களே வந்து பேசுவாங்க."

காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். வீட்டில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூசி தட்டி, வண்டியின் பின்னால் வைத்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டார்.